பிள்ளையின் பல் கம்பி: அரசு கிளினிக்கில் இடம் போய்விட்டால் என்ன செய்வது?

என் மகன் ஆறாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்கு வந்த பல் மருத்துவக் குழு அவன் வாயைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் கொடுத்தது. மேல் பற்கள் முன்னுக்குத் தள்ளியிருந்தன. கிளினிக்கில் டாக்டர் ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்த்து, எழுதிக்கொண்டிருந்த தாதியிடம் மலாயில் "லாப்பான்" என்றார். அதாவது எட்டு மில்லிமீட்டர். கம்பிக்கான காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. மூன்று வருடம் ஆகியும் அழைப்பு வரவில்லையே என்று கேட்கப் போனேன். கவுண்டரில் கணினியைப் பார்த்துவிட்டு, "கேஸ் மூடியாகிவிட்டது" என்றார்கள்.

இரண்டு முறை போன் செய்தார்களாம், நான் எடுக்கவில்லையாம். கடிதமும் போட்டார்களாம். நாங்கள் அதற்குள் பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமிலிருந்து செபராங் பிறைப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமுக்கு வீடு மாறிவிட்டோம். நான் பிறையில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடியும்வரை போன் லாக்கரில் கிடக்கும். இப்படித்தான் மகனுடைய மூன்று வருடக் காத்திருப்பு வீணாகப் போனது.

பிறகு ஓடியாடிக் கேட்டு இடத்தைத் திரும்ப வாங்கினோம். பதினாறு வயதில் கம்பி போட்டார்கள், இப்போது பதினேழு. அதிலிருந்து பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கோயிலிலும் யாராவது ஒரு தாய் என்னிடம் இதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கோணல் பல் இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் அரசு கிளினிக்கில் கம்பி போடுவார்களா?

போடுவதில்லை. பல் சொத்தை, பல் பிடுங்குவது எல்லாம் பொது பல் மருத்துவர் பார்ப்பார். கம்பி போடுவது ஆர்த்தோடான்டிக் நிபுணரின் வேலை. அவரிடம் நேராகப் போக முடியாது, சூராட் ருஜுக்கான், அதாவது பொது பல் மருத்துவர் அவரிடம் அனுப்பிவைக்கும் கடிதம் வேண்டும். அரசில் நிபுணர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். அதனால் யாருக்கு அவசரம் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

அதற்கு ஐ.ஓ.டி.என். என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. 1 முதல் 5 வரை. முன்பற்கள் 6 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் 4, 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் 5. பல் முளைக்க முடியாமல் எலும்புக்குள் சிக்கிக்கொண்டாலும், பிளந்த உதடு, பிளந்த அண்ணத்தோடு பிறந்த பிள்ளையானாலும் 5. லேசான கோணல், சின்ன இடைவெளி எல்லாம் 1, 2 என்று போய்விடும். 4, 5 வந்த பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. உங்கள் பிள்ளையின் எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசுவதற்கு அந்த ஓர் எண் மிகவும் உதவும்.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் பழக்கத்தில் நம் பினாங்குக்குப் பழைய பங்கு உண்டு. பள்ளிப் பல் தாதிகளுக்கான பயிற்சி 1949இல் இங்கேதான் தொடங்கியது. இன்றும் அந்தக் குழு தமிழ்ப்பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் கொடுக்கும் கடிதத்தைப் பிள்ளையின் பையில் கசங்க விடாதீர்கள்.

எதனால் பெயரை எடுத்துவிடுகிறார்கள்?

நான் பார்த்த அளவில் பெரும்பாலும் தொடர்பு கிடைக்காமல் போவதால்தான். எண் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். இல்லையென்றால் 04 என்று தொடங்கும் தெரியாத எண் வந்ததும் மோசடி அழைப்பென்று வெட்டியிருப்போம். இப்போது நடக்கிற ஏமாற்று வேலைகளைப் பார்த்தால் அதில் நம் தவறும் ஒன்றுமில்லை. ஆனால் கிளினிக் பக்கத்தில் அது "பதில் இல்லை" என்று பதிவாகிவிடும்.

சிகிச்சை ஆரம்பித்தபின் நிறுத்துவதும் உண்டு. சொல்லாமல் அப்பாய்ண்ட்மெண்டுக்குப் போகாமல் இருப்பது, எத்தனை தடவை சொல்லியும் பல் துலக்காமல் வருவது, கம்பியைத் திரும்பத் திரும்ப உடைத்துக்கொண்டு வருவது. அழுக்குப் பல்லில் கம்பியை வைத்திருந்தால் பல் கெட்டுவிடும் என்பதால் டாக்டர் அங்கே கண்டிப்பாக இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா, என் மகளின் பெயர் பட்டியலில் இல்லையாம். இப்போது முதலில் என்ன செய்யட்டும்?

போனில் கேட்டு முடித்துவிடாதீர்கள், நேரில் போங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் கூட்டம் வடிந்தபிறகு, பத்தரை பதினொன்றுக்குப் போனால் கவுண்டரில் இருப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். பிள்ளையின் அடையாள அட்டை, உங்கள் அடையாள அட்டை, பழைய அப்பாய்ண்ட்மெண்ட் அட்டை, ருஜுக்கான் கடிதத்தின் நகல் எல்லாம் கையில் இருக்கட்டும்.

எந்தத் தேதியில் மூடினார்கள், என்ன காரணம் என்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேஸைத் திரும்பத் திறக்க முடியுமா, புதிதாகப் பதிய வேண்டுமா என்றும் கேளுங்கள். புதிதாகப் பதிய வேண்டும் என்றால், பழைய பதிவுத் தேதியைக் கணக்கில் எடுப்பார்களா என்பதையும் விடாமல் கேளுங்கள். நான் முதல் தடவை போனபோது இந்தக் கடைசிக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை போனபோதுதான் கேட்டேன். "அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், கடிதம் கொடுங்கள்" என்றார்கள்.

அங்கேயே உங்கள் எண்ணை மாற்றிவிடுங்கள். இரண்டாவது எண் ஒன்றும் கொடுங்கள். நான் என் மாமியார் எண்ணைக் கொடுத்தேன். அவர் வீட்டில்தான் இருப்பார், எந்த அழைப்பு வந்தாலும் எடுப்பார். கடைசியில் மகனுக்குத் தேதி வந்த செய்தியை வாங்கியது அவர்தான்.

கடிதத்தில் என்ன எழுதுவது? யாருக்கு எழுதுவது?

அரைப் பக்கம் போதும், மலாயில். எனக்கு என் தங்கை எழுதிக் கொடுத்தாள். பிள்ளையின் பெயர், அடையாள அட்டை எண், முதலில் பதிந்த தேதி, டாக்டர் சொன்ன அளவு, எதனால் அழைப்பு தவறியது, புதிய முகவரி, இரண்டு எண்கள். கடைசியில் ஒரே வேண்டுகோள்: பழைய தேதியிலேயே பெயரைத் திரும்பச் சேர்க்கவும், முடியாவிட்டால் பிள்ளையின் பற்களை இன்னொரு முறை அளந்து பார்க்கவும். யார்மீதும் பழி போடாதீர்கள். படிக்கிறவருக்கு உதவத் தோன்ற வேண்டும்.

முதல் கடிதம் அந்தக் கிளினிக்கின் பொறுப்புப் பல் மருத்துவருக்கு. ஒரு நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சில வாரங்களில் பதில் இல்லையென்றால் மாவட்டப் பல் மருத்துவ அதிகாரிக்கு. பினாங்கில் ஐந்து மாவட்டங்கள், தீவில் இரண்டு, செபராங் பிறையில் மூன்று. அதற்கும் மேலே மாநில சுகாதாரத் துறையில் பல் மருத்துவத்துக்கென்றே ஒரு துணை இயக்குநர் இருக்கிறார். சுகாதார அமைச்சின் சிஸ்பா என்ற இணையப் புகார் வழியும் உண்டு. ஆனால் நான் அதைக் கடைசிக்குத்தான் வைப்பேன். எங்களுக்கு முதல் கடிதத்திலேயே வழி பிறந்தது. மகனைத் திரும்ப அழைத்து அளந்தார்கள், அளவு ஒன்பதைத் தொட்டிருந்தது.

"உங்கள் பிள்ளைக்கு இது தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஏற்றுக்கொள்வதா?

ஐ.ஓ.டி.என். எண் 1, 2 என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே பல்லுக்கு ஆபத்து இல்லை. 3 என்றால் அது எல்லைக்கோடு. பிள்ளை வளர வளரக் கடி மாறும், அதனால் அடுத்த வருடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பொதுப் பல் மருத்துவர் மட்டும் பார்த்துச் சொன்னதாக இருந்தால், ஒரு முறை நிபுணர் பார்க்கட்டும் என்று தன்மையாகக் கேட்பதில் தவறில்லை.

தாமதமானால் என்ன ஆகிவிடும்? பெரியவன் ஆனபிறகு போட்டுக்கொள்ளலாமே?

கம்பி எந்த வயதிலும் போடலாம். ஆனால் சில வேலைகளுக்கு நேரம் உண்டு. கீழ்த்தாடை சின்னதாக இருந்து மேல் பல் முன்னுக்கு நிற்கும் பிள்ளைக்கு, மாட்டிக் கழற்றும் ஒரு கருவி கொடுத்துத் தாடையின் வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்வார்கள். அது பிள்ளை கிடுகிடுவென்று உயரும் காலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் முன்னாலேயே வந்துவிடும். என் மகனுக்கு அது தப்பிவிட்டது. அதனால் மேலே இரண்டு பல்லைப் பிடுங்கித்தான் கம்பி போட்டார்கள். இதைத்தான் இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று கோரைப்பல். மேல் கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வெளியே வர வேண்டும். பதிமூன்று ஆகியும் ஒரு பக்கம் வரவில்லையென்றால் அது உள்ளே கோணலாகப் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கலாம். அப்படி இருந்தால் கம்பிப் பட்டியல் பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முன்னுக்கு நிற்கும் பற்கள் விழுந்தால் உடைவதும் அதிகம். பந்து விளையாடும் பிள்ளையென்றால் பல் கவசம் வாங்கிக் கொடுங்கள்.

கம்பி போட்டபிறகு சிகிச்சை நின்றுவிட்டது. வாயில் கம்பி அப்படியே இருக்கிறது.

இதைத்தான் எல்லாவற்றையும்விட அவசரமாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கவனிப்பாரில்லாத கம்பி சும்மா இருக்காது. பல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தப்பான பக்கமாகவும் தள்ளும். பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் என்ற சின்னத் துண்டைச் சுற்றிச் சோறும் அழுக்கும் தங்கினால் ஒரு மாதத்துக்குள்ளேயே சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு விழ ஆரம்பிக்கும். கம்பி எடுத்தபிறகும் அந்தத் திட்டு முழுதாகப் போகாது.

ஆகவே யாராவது ஒரு பதிவு பெற்ற பல் மருத்துவர் அதைப் பார்த்தாக வேண்டும். அதே கிளினிக்குக்குப் போய், "தொடர முடியுமா, முடியாவிட்டால் வேறு கிளினிக்குக்கு மாற்றிக் கொடுங்கள், அதுவும் முடியாவிட்டால் பாதுகாப்பாகக் கழற்றி ரிட்டெய்னர் கொடுங்கள்" என்று கேளுங்கள். ரிட்டெய்னர் என்பது கம்பி எடுத்தபிறகு பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் கருவி. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மாறி வந்த குடும்பம் ஒன்று இந்தச் சிக்கலில் மாட்டியது. மாறும் முன்பே பழைய கிளினிக்கில் மாற்றுக் கடிதம், சிகிச்சைத் திட்டம், எக்ஸ்ரே, படங்கள் எல்லாம் கேட்டு வாங்கியிருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது. இடையில் கம்பியின் முனை கன்னத்தில் குத்தினால் மருந்தகத்தில் கம்பிக்கான மெழுகு கிடைக்கும். ஒரு சின்ன உருண்டை பிடித்து அதன்மேல் அழுத்தி வைத்தால் போதும். வீட்டில் குறடு எடுத்து வெட்டாதீர்கள்.

ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வு முடிந்துவிட்டால் இடம் போய்விடுமா?

பள்ளி மாணவர் என்ற சலுகை முடிவதால் கட்டணம் மாறும். ஆனால் குடிமகன் என்ற முறையில் அரசு கிளினிக்கின் கதவு மூடுவதில்லை. நிஜமான சிக்கல் வேறு: மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் என்று பிள்ளை வேறு மாநிலத்துக்குப் போய்விடும், மாதாமாதம் வர முடியாது. ஐந்தாம் படிவம் தொடங்கும்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

தனியாரில் போட்டால் எவ்வளவு ஆகும்? வேறு வழி இருக்கிறதா?

சாதாரண உலோகக் கம்பிக்கே ஐந்தாயிரம் வெள்ளிக்குமேல் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டி, மிச்சத்தை ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் கட்டுவது வழக்கம். பல் பிடுங்குவது, எக்ஸ்ரே, ரிட்டெய்னர் எல்லாம் அதில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாதி வழியில் பணம் முடியாமல் நிறுத்தினால் மேலே சொன்ன கம்பிதான் வாயில் இருக்கும். ஆகவே முழுத் தொகைக்கும் வழி தெரியாமல் தொடங்க வேண்டாம்.

பல்கலைக்கழகக் கிளினிக்குகளில் கட்டணம் குறையும், நேரம் கூடும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் யூ.கே.எம். என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் இந்த நிபுணர்களையே உருவாக்குகின்றன. பயிற்சியில் இருக்கும் மருத்துவர், பேராசிரியரின் மேற்பார்வையில் போடுவார். நம் பக்கத்தில் கெப்பாலா பத்தாஸ் பெர்த்தாமில் யூ.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, கெடா செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். கம்பிக்குப் புதிதாகப் பிள்ளைகளை எடுக்கிறார்களா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் இடம் கிடைத்தாலும் இரண்டு வருடத்துக்கு மாதம் ஒரு முறை பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறி இறங்க முடியுமா என்பதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் சந்தாவில் பத்து விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐ.ஓ.டி.என். 5 வந்த பிள்ளைக்கென்றால் எடுங்கள் என்பேன். 2 வந்த பிள்ளைக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கே வந்து சில நூறு வெள்ளிக்குக் கம்பி போடுகிறார்களே?

வேண்டவே வேண்டாம். அரசு கிளினிக்கில் இடம் போனபிறகு மனம் நொந்த பிள்ளைகள் முதலில் தேடுவது இதைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் செட்டாக விற்கிறார்கள், அழகுக் கடையில் போடுகிறார்கள், ஹோட்டல் அறையில் போடுகிறார்கள். என்ன பசை, என்ன கம்பி, யாருக்கும் தெரியாது. என் மகன் வகுப்புத் தோழி ஒருத்தி நிறம் நிறமாக ரப்பர் போட்டுக்கொண்டு வந்தாள். நாலு மாதத்தில் கீழே முன்பல் இரண்டும் விரலால் தொட்டால் ஆடின. அந்தப் பிள்ளையின் அம்மா அதை எனக்குக் காட்டியபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

2017இல் மலாக்காவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி போட்ட இருபது வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. பதிவில்லாமல் கிளினிக் நடத்தினால் 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு வருடம் வரை சிறை என்று தனியார் மருத்துவ வசதிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. யாரிடம் போனாலும் மலேசிய பல் மருத்துவ மன்றத்தில் பதிவு இருக்கிறதா, அந்த வருடத்துக்கான சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்ட பிள்ளையா? திட்டாமல், மறைக்காமல் அரசு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

பிள்ளைக்குக் குடியுரிமைப் பத்திரம் சரியாக இல்லை.

நம் சமூகத்தில் இந்த வலி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் சிலருக்கே தெரிய வருகிறது. குடிமகன் இல்லையென்று பதிவானால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள், அது பல மடங்கு. கம்பியைவிடப் பத்திர வேலையை முன்னால் எடுங்கள். அதற்கிடையில் சொத்தை, வீக்கம், வலி என்றால் கட்டணத்துக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் இதெல்லாம் ஃபேஷன் என்கிறார்.

என் வீட்டிலும் அந்தப் பேச்சு இருந்தது. ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மகன் ரொட்டி சானாய் சாப்பிடுவதைப் பார்க்கச் சொன்னேன். முன்பல்லால் கடிக்க முடியாமல், பிய்த்துப் பிய்த்துக் கடைவாயில் வைத்து மென்றான். யாரோ சிரிக்க வைத்ததும் கை தானாக வாயை மூடியது. அதன்பிறகு கடிதம் கொடுக்க லீவு போட்டுக்கொண்டு கூட வந்தவரே அவர்தான்.

பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். காத்திருக்கும்போது என்ன செய்யலாம்?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போய், பெயர் இருக்கிறதா, எண் சரியா என்று கேட்டுவிட்டு வாருங்கள். 04 எண் வந்தால் எடுங்கள். வங்கி விவரம் கேட்டால் மட்டும் போனை வைத்துவிடுங்கள். சொத்தைகளை இப்போதே அடைத்துவிடுங்கள், சொத்தை உள்ள வாயில் கம்பி போட மாட்டார்கள். இரவில் படுக்கும் முன் ஃப்ளூரைடு பற்பசையால் துலக்கும் பழக்கத்தை இப்போதே உண்டாக்குங்கள், கம்பி வந்தபிறகு அது இரண்டு மடங்கு வேலை. கச்சாங் பூத்தே, முறுக்கு, கரும்பு எல்லாம் இப்போதே ஆசைதீரச் சாப்பிடட்டும். கம்பி போட்ட நாளிலிருந்து என் மகனுக்கு முறுக்கு இல்லை. தீபாவளிக்கு மாமியார் அவனுக்கென்று தனியாக நெய் உருண்டை பிடித்து வைத்தார்.